ஓமந்தை எவ்வளவு தூரம்? முதல் வீட்டுக் காணியின் விலையும் காலைப் பயணமும்

வவுனியா நகரிலிருந்து ஓமந்தைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீற்றர் என்பது எந்தக் காலத்திலும் மாறாத கணக்கு. ஆனால் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியால் போய்வந்தவர்களைக் கேட்டால், ஓமந்தை அரைநாள் தூரம் என்றுதான் சொல்வார்கள். வாகனத்தை விட்டு இறங்கி, பொதிகளைத் திறந்து காட்டி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கி, மறுபடி பயணத்தைத் தொடங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 2015 ஆகஸ்ட் மாத இறுதியில் அங்கிருந்த இராணுவச் சோதனைச் சாவடி அகற்றப்பட்டது. அதற்கு முன்பே வீதிக்குக் காப்பெற் போடப்பட்டிருந்தது. இன்று அதே ஓமந்தை மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். அந்தப் பக்கம் வீட்டுக்காணி தேடிப் போகும் இளம் தம்பதியர், தங்கள் பெற்றோர் காலத்தில் ஒருவரும் ஏறெடுத்துப் பாராத நிலத்துக்கு ஏன் இப்படி விலை சொல்கிறார்கள் என்று திகைக்கிறார்கள். அந்த விலை எங்கிருந்து வருகிறது, விலை ஏறும் இடங்களில் வாகன நெரிசலும் ஏன் கூடவே வருகிறது என்பதை, முதன்முதலாகக் காணி வாங்க நினைப்பவருக்கு விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரோரத்தில் ஒரு பரப்புக் காணிக்குக் கொடுக்கும் பணத்தில் மண்ணுக்கான பங்கு சிறியது. பெரும்பங்கு, அந்த இடத்திலிருந்து வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய்வர எவ்வளவு நேரமும் செலவும் பிடிக்கும் என்பதைப் பொறுத்தது. இதை முதலில் ஒழுங்காக எழுதிவைத்தவர் பொருளியல் பேராசிரியர் அல்லர். வட ஜேர்மனியில் பண்ணை நடத்திய ஃபொன் தியூனன் என்பவர். 1826இல் அவர் விளக்கியது இதுதான்: சமவெளியின் நடுவே ஒரு சந்தை நகரம் இருந்தால், பாலும் காய்கறியும் அதன் அருகிலும், தானியம் அதற்கப்பாலும், கால்நடை மேய்ச்சல் எல்லாவற்றுக்கும் வெளியிலும் அமையும், நகருக்கு அருகில் பயிர் செய்பவர் வண்டிக்கூலியில் மிச்சம்பிடிக்கும் பணம், போட்டியின் காரணமாக, நிலச் சொந்தக்காரரின் வாடகையாக மாறிவிடும். 1964இல் வில்லியம் அலொன்சோ என்ற அமெரிக்க அறிஞர் இதே கணக்கை நகரத்து வீடுகளுக்குப் பொருத்திக் காட்டினார். அவர் சொன்னதன் சாரம், அருகில் வாழ்பவர் பயணத்தில் மிச்சம்பிடிப்பதைக் காணி விலையாகக் கொடுக்கிறார், தூரத்தில் வாழ்பவர் காணி விலையில் மிச்சம்பிடிப்பதைப் பயணத்தில் கொடுக்கிறார் என்பதாகும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வவுனியா நகரை ஒட்டிய குருமன்காட்டுப் பக்கம் ஒரு காணி, ஓமந்தைப் பக்கம் ஒரு காணி. இரண்டும் இரண்டு பரப்பு, அதாவது இருபது பேர்ச்சஸ். இரண்டிலும் தண்ணீர் நல்லது, இரண்டும் உறுதிக் காணி, அதாவது உறுதி எழுதி விற்கக்கூடிய தனியார் காணி என்று வைத்துக்கொள்வோம். ஓமந்தையிலிருந்து நகரில் வேலைக்குப் போகிறவர் நாளொன்றுக்கு 24 கிலோமீற்றர் ஓடவேண்டும். மாதத்தில் 22 வேலை நாட்கள் என்றால் 528 கிலோமீற்றர். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு ஏறத்தாழ 13 லீற்றர் பெற்றோல் தேவை. லீற்றர் 300 ரூபாய் என்று பிடித்தால் சுமார் 4,000 ரூபாய். ரயர், ஒயில், திருத்தவேலை என்று 1,500 ரூபாய். போகவும் வரவும் சேர்த்து நாளுக்கு நாற்பது நிமிடம் வீதம் மாதம் பதினைந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கழியும்; ஒரு மணித்தியாலத்துக்கு 300 ரூபாய் என்று அவர் தன் நேரத்தை மதித்தால் அதுவும் 4,400 ரூபாயாகும். எல்லாம் சேர மாதம் ஏறக்குறைய 10,000, வருடம் 1,20,000 ரூபாய்.

இனி வட்டியைக் கொண்டுவருவோம். வருடத்துக்கு 12 வீத வட்டி கிடைக்கும் காலத்தில், 1,20,000 ரூபாய் வருமானம் தரக்கூடிய மூலதனம் 10 இலட்சம் ரூபாய். ஆகவே குருமன்காட்டுக் காணி ஓமந்தைக் காணியைவிட 10 இலட்சம்வரை கூடுதலாக இருந்தாலும், வாங்குபவர் நட்டப்படமாட்டார். வட்டி 8 வீதமாகக் குறைந்தால் அதே பயணச் செலவுக்குச் சமமான மூலதனம் 15 இலட்சமாகிவிடுகிறது. 20 வீதமாக ஏறினால் 6 இலட்சமாகச் சுருங்குகிறது. வங்கி வட்டி இறங்கும்போது நகரருகில் காணி விலை துள்ளுவதற்கு இதுவே காரணம். அந்தக் காணியில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. அந்த இடத்தில் இருப்பதால் வருங்காலத்தில் மிச்சமாகப் போகும் பயணங்களின் இன்றைய மதிப்புத்தான் கூடியிருக்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், பிள்ளையை மாலையில் வைரவப்புளியங்குளத்துக்கு ரியூசனுக்கும் ஏற்றி இறக்க வேண்டுமென்றால், மேலே போட்ட கணக்கை இரண்டு மூன்றால் பெருக்கிக்கொள்ளலாம். வவுனியாவில் காணி விலையை எழுதுகிறவர்களில் ரியூசன் வாத்திமாரும் அடக்கம் என்று நான் சொல்வது பகடிக்காக மட்டுமல்ல.

இந்தக் கணக்கு எவ்வளவு வேகமாகப் புரளக்கூடும் என்பதை 2022 காட்டியது. 2021 ஜூனில் லீற்றர் 157 ரூபாயாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாய். அந்த விலைக்கும் மணிக்கணக்கில், சில இடங்களில் நாட்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. பெற்றோல் விலையேற்றம் நகரருகில் இருப்பதன் அருமையைக் கூட்டியது. வட்டியேற்றமோ கடன் எடுத்து அந்த அருமையை வாங்கும் வல்லமையைப் பறித்தது. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் இழுபட்ட சந்தையில், கையில் காசு இருந்தவர்களே வாங்கினார்கள்.

இதுவரை சொன்னது உலகத்தின் எந்த நகரத்துக்கும் பொருந்தும். வன்னியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. வரைபடத்தை விரித்துப் பார்ப்பவருக்கு எங்கும் வெட்டவெளி தெரியும்; இவ்வளவு நிலம் கிடக்கும்போது காணிக்கு என்ன பஞ்சம் என்று கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கேட்பதும் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் நிலத்தில் விற்கக்கூடிய நிலம் மிகச் சிறிய பங்கு. குடியேற்றத் திட்டங்களால் உருவான கிளிநொச்சியையும் வவுனியாவின் பல கிராமங்களையும் எடுத்துக்கொண்டால், அங்குள்ள காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அரச காணி. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் அதில் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரை விதிப்படி நியமிக்கலாம். ஆனால் உறுதி முடித்து விற்க முடியாது. அனுமதிப்பத்திரத்துக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் பெற்றவர்கூடப் பிரதேச செயலாளரின் முன்னனுமதி இல்லாமல் கைமாற்ற இயலாது. வங்கிகளும் இத்தகைய காணிகளுக்கு இலகுவில் கடன் கொடுப்பதில்லை. இவற்றுக்கு முழு உரித்து வழங்கும் நோக்கில் 2024இல் அரசாங்கம் உறுமய என்ற திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கலாம்.

மிச்சமுள்ள நிலத்தில் வயல் ஒரு பங்கு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, எழுத்துமூல அனுமதி பெறாமல் வயலை மண் போட்டு நிரப்பக்கூடாது. குளமும் அதன் ஒதுக்கீட்டுப் பகுதியும் இன்னொரு பங்கு. வவுனியாவைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பண்டாரிக்குளம், உக்குளாங்குளம், கூமாங்குளம், நெளுக்குளம், தாண்டிக்குளம், இறம்பைக்குளம், கோவில்குளம். குளத்துக்கும் வயலுக்கும் நடுவே எஞ்சிய மேட்டில்தான் ஊரே இருக்கிறது. வனத்திணைக்களத்தின் எல்லைக்கற்களுக்குள் இருப்பதும், படையினர் வசம் இருப்பதும் வேறு கணக்கு. இவ்வளவையும் கழித்தபின் நல்ல தண்ணீர்க் கிணறும், தெளிந்த உறுதியும், வாகனம் போகக்கூடிய பாதையும் உள்ள மேட்டுக்காணி நகரருகில் எத்தனை மிஞ்சும்? தேவை கூடும்போது நெல்லை இன்னும் விளைவிக்கலாம், சீமெந்தை இன்னும் இறக்கலாம். இந்த மேட்டுக்காணியைக் கூட்ட வழியில்லாததால், கூடும் தேவை முழுவதும் விலையிலேயே போய் முட்டுகிறது. பொருளியலில் இதை நெகிழ்ச்சியற்ற நிரம்பல் என்பார்கள். என் பார்வையில், வன்னியின் நகரோர விலையேற்றத்தில் வீதிக்கு இருக்கும் பங்கைவிட இந்தக் கடதாசி நெருக்கடிக்கு இருக்கும் பங்கு பெரியது.

விலை குறைவு என்று அனுமதிப்பத்திரக் காணியை வெறும் உடன்படிக்கைக் கடதாசியில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உறுதிக் காணிக்கும் அதற்கும் உள்ள விலை வித்தியாசம் இலாபமல்ல, பின்னால் வரக்கூடிய வழக்கின் முன்கூட்டிய கழிவு என்று எடுத்துக்கொள்வதே முறை. தாழ்ந்த நிலங்களின் மலிவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் புகுந்தபோது எந்த வளவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அயலவரைக் கேட்டால், தரகர் சொல்லாததெல்லாம் தெரியவரும்.

தேவையின் பக்கம் வருவோம். மீள்குடியேற்றத்துக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. அந்த உதவியும் ஏனைய வீட்டுத்திட்டங்களும் சொந்தக் காணியில் வீடு கட்டுவதற்கானவை. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது ஆசிரியர்களாக, தாதியர்களாக, அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக வேலைக்குப் போகிறார்கள். கலியாணம் பேசும்போது சீதனமாகக் கேட்கப்படுவது அநேகமாக நெடுங்கேணியிலோ கனகராயன்குளத்திலோ உள்ள இரண்டு ஏக்கர் அல்ல. நகரருகில் இரண்டு பரப்பு. அரச ஊழியர்களுக்குச் சலுகை வட்டியில் ஆதனக் கடன் கிடைக்கிறது. வாங்குகிறவர் எல்லோருக்கும் ஒரே சலுகை கிடைத்து, விற்பனைக்கு உள்ள காணியின் அளவு அப்படியே இருந்தால், அந்தச் சலுகையின் நல்ல பகுதி விற்பவரின் பைக்குப் போய்விடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதற்கு மேல் வெளிநாட்டுக் காசு. அண்ணா கனடாவிலிருந்து அனுப்பும் பணத்துக்கு வவுனியாச் சம்பளத்தின் அளவுகோல் கிடையாது; ஆனால் அந்தப் பணமும் ஆசிரியை ஒருவரின் சேமிப்பும் ஒரே வளவுக்கு விலை கேட்டு நிற்கின்றன.

விலைக்கு வழிகாட்ட ஒரு பொது அளவீடு இருந்தால் பேரம் பேசுவது இலகுவாகும். மத்திய வங்கி நீண்டகாலமாக வெளியிட்டுவரும் காணிப் பெறுமதிச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்துக்கானது. வன்னியில் வாங்குபவருக்குக் கிடைப்பது, அயற்காணி இவ்வளவுக்குப் போனதாம் என்ற தரகரின் வாய்ச்சொல். உறுதியில் எழுதப்படும் தொகையும் நம்பகமான அளவுகோல் ஆகாது. முத்திரைத் தீர்வை பெறுமதியைப் பொறுத்தே கணக்கிடப்படுவதால் குறைத்து எழுதுவிக்கும் ஆசை எப்போதும் இருக்கிறது.

இனி நெரிசல். வவுனியாவில் வடக்குத் தெற்காக ஏ9, கிழக்கே ஹொரவப்பொத்தானை வீதி, மேற்கே மன்னார் வீதி என்று எல்லாம் நகரின் நடுவிலேயே சேர்கின்றன. பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது, அலுவலகம் 8.30க்கு. நெளுக்குளத்திலிருந்தும் ஓமந்தையிலிருந்தும் சிதம்பரபுரத்திலிருந்தும் புறப்படும் மோட்டார் சைக்கிள்களும், பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வரும் ஓட்டோக்களும், வான்களும், கொழும்பு யாழ்ப்பாணப் பஸ்களும், நெல் ஏற்றிய உழவு இயந்திரமும் ஒரே முக்கால் மணிநேரத்தில் ஒரே சந்திகளுக்குள் நுழைகின்றன. ரயில் கடவை மூடிக்கிடந்தால் பின்னால் நிற்பவர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சியின் அமைப்பு இன்னும் கடினம்: பரந்தன், கரடிப்போக்கு, நகரம், இரணைமடுச் சந்தி என எல்லாம் ஏ9 என்ற ஒரே நூலில் கோத்த மணிகளாக இருப்பதால், ஊருக்குள் போகிறவரும் ஊரைக் கடந்து போகிறவரும் அதே வீதியையே பாவிக்க வேண்டும்.

வீதியை அகலமாக்கினால் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் இயல்பானது. அமெரிக்க அறிஞர் அன்ரனி டவுண்ஸ் 1962இலேயே இதற்கு மறுமொழி எழுதினார்: நெரிசல் நேரத்தில் ஒரு வீதி புதிதாக வேகம் பெற்றால், முன்பு வேறு பாதையால் போனவர், வேறு நேரத்தில் போனவர், பஸ்ஸில் போனவர் ஆகிய மூவரும் அந்த வீதிக்கு அந்த நேரத்துக்கு வந்து சேர்வார்கள், வேகம் பழைய நிலைக்கு இறங்கும். 2011இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டுரன்ரன், ரேணர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் தரவுகளைக் கொண்டு, பெருந்தெருக்களில் உள்ள தடங்களின் மொத்த நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடுகிறது என்று காட்டினார்கள். அவர்கள் இருந்த ரொறன்ரோவைப் பற்றி நம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. சில இடங்களில் 18 தடங்கள் கொண்ட 401 நெடுஞ்சாலையில் காலையும் மாலையும் ஊர்ந்துபோகும் வாகனங்களில் நம் உறவினர்களும் இருக்கிறார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் விலை ஏற, பக்கத்திலுள்ள மார்க்கம் நகருக்கும் ஏஜக்சுக்கும் போனார்கள். அங்கும் ஏற, இன்னும் கிழக்கே ஒஷாவாப் பக்கம் பார்க்கிறார்கள். மார்க்கம் நகரில் வன்னியின் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. அங்கே வீடு வாங்குவதற்கு வன்னியில் எத்தனை ஏக்கர் விற்கவேண்டும் என்ற கணக்கை வாசகரிடமே விடுகிறேன்.

டவுண்ஸ் சொன்ன மூவருடன் நான்காவதாக ஒருவரைச் சேர்க்கவேண்டும்: வீதி நன்றாக இருக்கிறது என்பதற்காகவே தூரத்தில் காணி வாங்கி வீடு கட்டுகிறவர். அவர் வர நாலைந்து வருடம் எடுக்கும். வந்தபின் திரும்பிப் போகமாட்டார். இங்கேதான் விலையும் நெரிசலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. வீதி திருந்தியதும் இருபது நிமிட ஓமந்தைக்கு விலை ஏறுகிறது. அந்த நிமிடங்களுக்கு முன்கூட்டியே காசு கொடுத்து ஆட்கள் வருகிறார்கள். ஆட்கள் வந்ததும் இருபது முப்பதாகிறது. வாங்கியபோது கொடுத்த விலையோ இருபது நிமிடத்துக்கான விலை. அதேவேளை நெரிசல் கூடக்கூட நடந்துபோகும் தூரத்திலுள்ள குருமன்காட்டுக் காணியின் அருமை மேலும் கூடுவதால், உள்வட்டத்தின் விலையும் இறங்குவதில்லை. அங்கே வாங்க முடியாதவர் இன்னும் வெளியே, புளியங்குளம் வரைக்கும் தேடிப்போகிறார். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டிருப்பதால் வீதிக்கு வரும் வாகனங்கள் கூடும் என்பதையும் இதோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

எல்லோரும் ஒரே நடுவுக்கு ஓடுவதுதான் இந்தச் சுழற்சியின் அச்சாணி. ஆகவே அந்த நடு இரண்டாகப் பிரிந்தால் கணக்கு மாறும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. மன்னார் வீதியில் பம்பைமடுவில் அது இருப்பதால், காலையில் நகரிலிருந்து வெளிநோக்கி ஓடும் ஒரு பயணக்கூட்டம் உருவாகியிருக்கிறது. நெரிசலுக்கு எதிர்த்திசையில் போகிறவர் யாருடைய நேரத்தையும் கெடுப்பதில்லை. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் அறிவியல் நகரில் அமைந்ததும் அத்தகையதே. 2016இல் பொருளாதார மத்திய நிலையம் எனப்படும் மொத்த விற்பனைச் சந்தையை ஓமந்தையில் அமைப்பதா தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்று எழுந்த பெரும் இழுபறியை வெறும் அரசியல் சண்டையாகப் பார்த்தவர்கள் அதிகம். ஒரு மொத்தச் சந்தை எங்கே நிற்கிறதோ அந்தப் பக்கத்துக் காணி விலையும் லொறி ஓட்டமும் ஒரு தலைமுறைக்குத் தீர்மானமாகிவிடும் என்பதால், அந்த இழுபறியில் நியாயமான பொருள் இருந்தது.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் பாதை மீண்டும் திறந்தபோது, தூரத்திலிருந்து வேலைக்கு வரும் உத்தியோகத்தர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் வெளியூர்க் காணிக்குப் பயண மதிப்பைக் கொடுப்பது தண்டவாளமல்ல, காலையில் சரியான நேரத்தில் வந்து நிற்கும் வண்டி. நேரத்துக்கு வராத ரயிலும் பள்ளிக்கூட நேரத்துக்கு முன் ஓடாத பஸ்ஸும் காணி விலைக் கணக்கில் இல்லாதவைக்குச் சமம். அவற்றை நம்பி வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுக்கிறார்.

காணி பார்க்கப் போகிறவர்கள் வழமையாக ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போகிறார்கள். தரகருக்கும் அதுதான் வசதி. வீதி வெறிச்சோடிக் கிடக்கும், இருபது நிமிடம் பதினைந்தாகத் தெரியும். முற்பணம் கொடுப்பதற்கு முன் பாடசாலை நடக்கும் ஒரு திங்கட்கிழமை, முடியுமானால் மாரி மழை பெய்யும் கார்த்திகை மாதத்தில், காலை 6.50க்கு அந்தக் காணியின் வாசலில் நின்று புறப்பட்டு, பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அங்கிருந்து வேலைத்தலத்துக்கும் போய்ப் பாருங்கள். வழியில் எத்தனை பஸ் உங்களைக் கடந்தது, கடவையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடங்களை மேலே போட்ட கணக்கில் ஒரு வழிக்கு இருபது நிமிடம் இருந்த இடத்தில் வைத்து, மாதச் செலவை வருடத்துக்குப் பெருக்கி, வங்கி அன்று சொல்லும் வட்டி வீதத்தால் பிரித்து, வரும் தொகையை நகரருகுக் காணியின் விலையிலிருந்து கழித்தால், விற்பவர் கேட்கும் தொகைக்குப் பதிலாக நீங்கள் சொல்லவேண்டிய தொகை கையில் இருக்கும்.